பாங்கொலி முதல் கடலலை வரை: அலையும் ஆற்றலும்



மாலை நேர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'ஒலியியல்' பாடத்தைத் தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "பள்ளிவாசலில் மோதினார் பாங்கு சொல்கிறார். அது நம் வீட்டில் கேட்கிறது. அப்படியானால் அவர் வாயிலிருந்து வந்த காற்று நம் வீடு வரை வந்து சேர்கிறதா?" பாதிப் பிள்ளைகள் "ஆமாம்" என்பார்கள். அதே பிள்ளைகளை "அலை என்றால் என்ன?" என்று எழுதச் சொன்னால் பாடநூலில் உள்ள வரியை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுவார்கள். வரி மனப்பாடமாகியிருக்கிறது, பொருள் மனதில் இறங்கவில்லை.

இந்த இதழில் அந்த ஒரு வரியை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்வோம். அலை ஆற்றலைச் சுமந்து செல்லும். பொருளைச் சுமந்து செல்லாது. இது புரிந்தால் ஒலியும் கடலலையும் சூரிய ஒளியும் ஒரே பாடம்தான் என்பது தெரியும். தேர்வுக்கு மட்டுமல்ல, நம் காதைக் காப்பதற்கும், பள்ளிவாசலின் ஒலிபெருக்கியைச் சரி செய்வதற்கும், மின்கட்டணத்தைக் குறைப்பதற்கும் இந்தப் பாடம் உதவும்.

1. அலை என்றால் என்ன?

உளூ செய்யும் ஹவுளில் ஒரு சிறு கல்லைப் போடுங்கள். வட்டம் வட்டமாக அலை புறப்பட்டு ஓரத்துக்கு வரும். இப்போது தண்ணீரில் மிதக்கும் ஒரு வேப்பிலையைக் கவனியுங்கள். அலை அதைக் கடந்து போகிறது. ஆனால் இலை அலையோடு சேர்ந்து கரைக்கு வரவில்லை. இருந்த இடத்திலேயே மேலும் கீழும் ஆடிவிட்டு நிற்கிறது. தண்ணீர் பயணம் செய்யவில்லை, தண்ணீரின் ஆட்டம்தான் பயணம் செய்தது.

இன்னொரு உதாரணம். மதரஸாவில் பிள்ளைகள் வரிசையில் நெருக்கமாக நிற்கும்போது கடைசியில் நிற்பவன் முன்னால் நிற்பவனைத் தள்ளுகிறான். அவன் அடுத்தவன் மேல் சாய்ந்து நிமிர்கிறான். கடைசியில் முதலில் நிற்பவன் உஸ்தாத் மேல் போய் விழுகிறான். தள்ளியவன் தன் இடத்திலேயே நிற்கிறான். அவன் கொடுத்த தள்ளு மட்டும் வரிசை முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தள்ளுதான் ஆற்றல்.

முதல் உதாரணத்தில் தண்ணீர் மேலும் கீழும் ஆடியது, அலை பக்கவாட்டில் சென்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருப்பதால் இத்தகையதைக் குறுக்கலை என்கிறோம். (உண்மையில் நீர்த்துகள்கள் சிறு வட்டமாகவே சுழல்கின்றன. தொடக்கப் பாடத்துக்கு மேலும் கீழுமான ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.) இரண்டாவது உதாரணத்தில் பிள்ளைகள் ஆடிய திசையும் தள்ளு சென்ற திசையும் ஒன்றே. அது நெட்டலை. காற்றில் ஒலி நெட்டலையாகச் செல்கிறது. காற்றின் துகள்கள் ஓரிடத்தில் நெருங்கி, அடுத்த இடத்தில் விலகி, இந்த நெருக்கமும் நெகிழ்வும் மாறி மாறி முன்னேறுகின்றன.

மூன்று சொற்களை நினைவில் வையுங்கள். ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பது அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். ஒரு நெருக்கத்திலிருந்து அடுத்த நெருக்கம் வரை உள்ள தூரம் அலைநீளம். எவ்வளவு பலமாக அதிர்கிறது என்பது வீச்சு. அதிர்வெண் கூடினால் குரல் கீச்சென்று ஆகும். வீச்சு கூடினால் சத்தம் கூடும். கணக்குக்கு ஒரே சூத்திரம் போதும்:

திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம்

2. பாங்கு நம்மை வந்தடையும் நேரம்

0 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலி விநாடிக்கு 331 மீட்டர் செல்கிறது. ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் அதன் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். நம் ஊரில் 30 டிகிரி என்று வைத்தால் 331 + 18 = 349 மீட்டர். அதாவது பள்ளியிலிருந்து 350 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு பாங்கொலி ஒரு விநாடி தாமதமாக வருகிறது. இரண்டு பள்ளிகளில் சரியாக ஒரே நேரத்தில் பாங்கு தொடங்கினாலும் தூரம் வேறாக இருந்தால் நமக்கு ஒன்றன் பின் ஒன்றாகவே கேட்கும்.

இடி மின்னலுக்கும் இதே கணக்குதான். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க 3 விநாடி ஆனால் மின்னல் விழுந்த இடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு அருகில் என்றால் மொட்டை மாடியில் நிற்கக் கூடாது. காயும் துணியை எடுக்கக் கூடப் போகாதீர்கள்.

ஒலி காற்றின் அலைவினால் பரவுகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு சீனா தம் நூலில் விளக்கியிருக்கிறார். மருத்துவராக மட்டுமே அவரை அறிந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக் கொடுங்கள்.

3. பயான் ஏன் தெளிவாகக் கேட்பதில்லை?

ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். திரும்பி வரும் ஒலியை நம் காது தனியாகப் பிரித்தறிய வேண்டுமானால் முதல் ஒலிக்கும் அதற்கும் இடையே குறைந்தது 0.1 விநாடி வேண்டும். ஒலியின் வேகம் 344 மீட்டர் என்று கொண்டால் அந்த நேரத்தில் அது போய்வரும் தூரம் 34.4 மீட்டர். ஆகவே சுவர் 17.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். இதுவே எதிரொலி. சுவர் அதைவிடப் பக்கத்தில் இருந்தால் திரும்பிய ஒலி முதல் ஒலியோடு கலந்து இழுபடும். இது எதிர்முழக்கம்.

நம் பள்ளிவாசல்களில் தரை பளிங்கு, சுவர் ஓடு, மேலே கான்கிரீட். எல்லாமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. ஆகவே ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் மேல் விழுகிறது. "கேட்கவில்லை" என்று யாராவது சொன்னால் உடனே சத்தத்தைக் கூட்டுகிறோம். அப்போது சொல்லும் கூடுகிறது, எதிர்முழக்கமும் அதே அளவு கூடுகிறது. தெளிவு வருவதில்லை. பெரியவர்களும், பக்கத்து அறையில் அமர்ந்து பயான் கேட்கும் தாய்மார்களும்தான் இதனால் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

தீர்வு எதிர்த்திசையில் இருக்கிறது. ஒரு பெரிய ஒலிபெருக்கியை உரக்க வைப்பதற்குப் பதில், சிறிய பெட்டிகள் பலவற்றைக் கேட்பவர்களுக்கு அருகில் குறைந்த சத்தத்தில் வைக்க வேண்டும். தரைவிரிப்பும் கனமான திரைச்சீலையும் ஒலியை உறிஞ்சும். மனித உடலும் உறிஞ்சும். அதனால்தான் ஜும்ஆ நாளில் நிறைந்த பள்ளியில் கேட்கும் தெளிவு, நான்கு பேர் மட்டும் இருக்கும்போது கிடைப்பதில்லை.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். இஸ்தான்புல்லில் 1557-ல் முடிக்கப்பட்ட சுலைமானியா பள்ளிவாசலின் குவிமாடத்தில், கட்டடக் கலைஞர் சினான் வெற்றுப் பானை போன்ற குழிகளைப் பதித்தார். அவை குறிப்பிட்ட அதிர்வெண் உள்ள ஒலியைத் தம்முள் வாங்கி முழக்கத்தைக் கட்டுப்படுத்தும். நம் நாட்டில் கர்நாடகத்தின் பீஜப்பூரில் முஹம்மது ஆதில் ஷாவின் அடக்கத்தலமான கோல் கும்பஸ் இருக்கிறது. அதன் குவிமாடத்தைச் சுற்றியுள்ள மேடையில் ஒருவர் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்புறம் நிற்பவருக்குக் கேட்கிறது. வளைந்த சுவர் ஒலியை வழிநடத்திச் செல்வதே காரணம்.

4. காது ஓர் அமானிதம்

அலை ஆற்றலைச் சுமக்கிறது என்றோம். அந்த ஆற்றல் காதுக்குள் என்ன செய்கிறது? செவிப்பறையை அசைத்து, உள்காதில் நத்தைக்கூடு போன்ற பகுதியில் உள்ள நுண்ணிய முடிச் செல்களை அசைக்கிறது. அவைதான் ஒலியை நரம்புக்குத் தெரிவிப்பவை. அளவு மீறிய சத்தத்தில் அவை அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

ஒலிச் செறிவை டெசிபலில் அளக்கிறோம். இந்த அளவுகோலில் ஒரு சூட்சுமம் உண்டு. 10 டெசிபல் கூடினால் ஆற்றல் 10 மடங்கு, 20 டெசிபல் கூடினால் 100 மடங்கு. 80 டெசிபலும் 100 டெசிபலும் எண்ணில் பக்கத்தில் தெரிந்தாலும் காதுக்கு வரும் ஆற்றல் நூறு மடங்கு வேறு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதற்கு மேல் போகப் போக கேட்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும்.

தூரம் நமக்குப் பாதுகாப்பு. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலிச் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள். பத்தடி தள்ளினாலே பெரிய வித்தியாசம். காதுக்குள் செருகும் இயர்போனில் இந்தத் தூரமே இல்லை என்பதைப் பிள்ளைகள் நினைவில் வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். அந்தக் காதுக்கு அது கேட்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமைதான். பிறந்த சில நாட்களிலேயே வலியில்லாமல் செவித்திறனைப் பரிசோதிக்க முடியும். அரசு மருத்துவமனையில் கேளுங்கள். கைதட்டினால் திரும்பாத குழந்தையை "தாமதமாகப் பேசும், அவன் வாப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லி வீட்டில் வைத்திருப்பது பெரும் தவறு. மொழி பிடிபடும் வயது முதல் சில ஆண்டுகள்தான். அதற்குள் கண்டுபிடித்தால் செவித்துணைக் கருவியோ காக்ளியர் கருவியோ வைத்துப் பேச வைக்கலாம்.

5. கடலலையின் ஆற்றல்: அழிவும் ஆக்கமும்

2004 டிசம்பர் 26 அன்று காலை சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே நம் கரையைச் சுனாமி தாக்கியது. சுமத்ராவின் தண்ணீர் இங்கே வரவில்லை. அங்கே கிளம்பிய ஆற்றல் வந்தது.

சுனாமியின் அலைநீளம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் போகும். அத்தகைய அலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 3,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 171 மீட்டர், அதாவது மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர்தான். கரையை நெருங்கும்போது முன்பக்கம் வேகம் குறைகிறது, பின்னால் வருவது வந்து நெருக்குகிறது, அலை உயர்கிறது. ஆழ்கடலில் மீனவர்களின் படகுக்கு அடியில் உணரப்படாமலேயே கடந்து போன அலை, கரையில் உடைந்து தண்ணீரையே ஊருக்குள் பாய்ச்சியது.

அன்று சில இடங்களில் கடல் பின்வாங்கியதைப் பார்க்க மக்கள் கடலை நோக்கிப் போனார்கள். அலைக்கு முகடும் உண்டு, அகடும் உண்டு, அகடு முதலில் வந்தால் முகடு பின்னால் வரும் என்ற இந்தச் சிறு பாடம் தெரிந்திருந்தால் ஓடித் தப்பியிருக்கலாம். கடல் திடீரென்று உள்வாங்கினால் மேட்டை நோக்கி ஓடுங்கள். ஒரு அலை வந்து போனதும் திரும்பி வராதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கரையோரக் குடும்பங்களில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

அதே கடலலையால் மின்சாரமும் எடுக்கலாம். 1991-ல் திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞ்ஞத்தில் சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்களின் முயற்சியில் 150 கிலோவாட் திறனுள்ள சோதனை நிலையம் அமைந்தது. கடலுக்குள் அடிப்பக்கம் திறந்த ஒரு கான்கிரீட் அறை. அலை உள்ளே ஏறும்போது அறையில் உள்ள காற்றை மேலே தள்ளும், இறங்கும்போது உள்ளே இழுக்கும். அந்தக் காற்று ஒரு சுழலியைச் சுற்றும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும்படி அந்தச் சுழலி அமைக்கப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் அலை பலமாக இருந்ததால் மின்சாரம் அதிகம் கிடைத்தது, மற்ற மாதங்களில் குறைந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குப் பெரும்பாலும் இந்த இயல்பு உண்டு. அது தீராது, ஆனால் நாம் கேட்கும் நேரத்தில் வராது.

காற்றும் அப்படித்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கக்கூடிய திறன் எட்டு மடங்காகும். அதனால்தான் தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கு வழியாகப் பாயும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் அத்தனை காற்றாலைகள். ஈரானின் கிழக்குப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காற்றாலையில் மாவு அரைத்தார்கள். நஷ்திஃபான் என்ற ஊரில் அத்தகைய பழைய ஆலைகளை இன்றும் காணலாம்.

6. சூரியன்: ஊடகம் வேண்டாத அலை

ஒலிக்குக் காற்றோ நீரோ திடப்பொருளோ வேண்டும். ஒளி மின்காந்த அலை, அதற்கு ஊடகம் வேண்டாம். வெற்றிடத்தைக் கடந்து 15 கோடி கிலோமீட்டர் தூரம் வருகிறது. விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் அதற்கு 500 விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது.

நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழுகிறது. சூரியத் தகடு அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 200 வாட்டை மின்சாரமாக்கும். நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாகச் சுமார் 4 யூனிட் தரும் என்று கணக்கு வைக்கலாம். அதற்கு மாடியில் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும்.

தகடு போட நினைக்கும் குடும்பங்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் கவனிக்க வேண்டியவை:

• முதலில் செலவைக் குறையுங்கள். பள்ளிவாசலில் 75 வாட் மின்விசிறி 20, தினம் 5 மணி நேரம் ஓடினால் 7.5 யூனிட். 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் 3 யூனிட். மாதம் 135 யூனிட் மிச்சம். ஓடும் ஆற்றங்கரையில் உளூ செய்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம். மின்சாரத்துக்கும் அதுவே பொருந்தும்.

• நேரத்தைப் பாருங்கள். தகடு பகலில் தருகிறது. பள்ளியில் விளக்கு எரிவது மஃரிப், இஷா, ஃபஜ்ரில். லுஹரும் ஜும்ஆவும் மட்டுமே நல்ல வெயில் நேரம். ஆகவே பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து வரவு வைக்கும் முறை உண்டா, அல்லது மின்கலம் வேண்டுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

• நிழலைப் பாருங்கள். மினாராவின் நிழல் ஒரு தகட்டின் மேல் விழுந்தாலும் அதோடு இணைந்த மற்ற தகடுகளின் உற்பத்தியும் குறையக்கூடும். காலை, மதியம், மாலை மூன்று நேரமும் மாடியில் நின்று பார்த்த பிறகே இடம் குறியுங்கள்.

• மின்தடையில் ஓடுமா என்று கேளுங்கள். மின்கலம் இல்லாமல் மின்வாரிய இணைப்போடு மட்டும் சேர்ந்த அமைப்பு, கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. வாங்கிய பிறகு ஏமாந்ததாக வருந்துபவர்கள் பலர்.

• பணத்தைத் தனியாகப் பேசுங்கள். 2024-ல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. விற்பவர்கள் மானியத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்தே பேசுவார்கள். வட்டி எவ்வளவு என்பதைப் பிரித்துக் கேளுங்கள். கையில் உள்ளதற்கு ஏற்ப ஒரு கிலோவாட்டில் தொடங்குவதும் நல்ல தொடக்கமே.

வீட்டில் செய்து பாருங்கள்

1. ஒரு கிண்ணத்தின் வாயில் பாலிதீன் தாளை இறுக்கிக் கட்டி, மேலே நான்கு அரிசி மணிகளைப் போடுங்கள். பக்கத்தில் ஒரு தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டுங்கள். நீங்கள் தொடாமலேயே அரிசி குதிக்கும். ஒலி ஆற்றலைச் சுமக்கிறது என்பதற்குக் கண்கூடான சான்று இது.

2. சுவர்க் கடிகாரத்தை மேசை மேல் வைத்து, மேசையின் மறுமுனையில் காதை வையுங்கள். காற்று வழியாகக் கேட்பதைவிட மரத்தின் வழியாக டிக் டிக் ஒலி நன்றாகக் கேட்கும்.

பயிற்சிக் கணக்குகள்

1. பள்ளிவாசல் 698 மீட்டர் தூரத்தில் உள்ளது. ஒலியின் வேகம் 349 மீட்டர்/விநாடி. பாங்கொலி வர எவ்வளவு நேரம் ஆகும்?
2. 256 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் என்ன? (வேகம் 344 மீட்டர்/விநாடி)
3. மலையை நோக்கிக் கூவியவருக்கு 3 விநாடியில் எதிரொலி கேட்டது. மலை எவ்வளவு தூரம்? (வேகம் 344 மீட்டர்/விநாடி)
4. மாதம் 300 யூனிட் செலவாகும் வீட்டில் 2 கிலோவாட் தகடு உள்ளது. நாளுக்குக் கிலோவாட்டுக்கு 4 யூனிட், 30 நாள். இன்னும் எத்தனை யூனிட் தேவை?

விடைகள்: (1) 2 விநாடி. (2) 1.34 மீட்டர். (3) 516 மீட்டர். ஒலி போய்த் திரும்பியதால் இரண்டால் வகுக்க மறக்காதீர்கள். (4) 60 யூனிட்.

பெற்றோர்களே, இன்று மஃரிப் பாங்கு கேட்கும்போது உங்கள் பிள்ளையிடம் அந்த முதல் கேள்வியைக் கேளுங்கள்: "மோதினாரின் மூச்சுக்காற்றா நம் வீட்டுக்கு வந்தது?" பதிலைத் தன் சொந்த வார்த்தையில் சொன்னால் பாடம் புரிந்துவிட்டது. சொல்ல முடியாவிட்டால் ஹவுளுக்கு அழைத்துச் சென்று ஒரு கல்லைப் போட்டுக் காட்டுங்கள்.

பயனுள்ள கல்வியை நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.